உடம்புக்குத்தான் துணி வெட்டுவோம்: மதுரை ஜிம் மாஸ்டர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதுரையில் உடற்பயிற்சிக்கூடம் நடத்துகிறவர்களுக்கும், அங்கே சொல்லிக்கொடுக்கும் மாஸ்டர்களுக்கும், யோகா வகுப்பு எடுக்கிறவர்களுக்கும் வணக்கம்.

நான் அனுப்பானடிப் பக்கம் லேடீஸ் டெய்லர் கடை வைத்திருக்கிறேன். வயது 48. அப்பா புதுமண்டபத்தில் மெஷின் போட்டிருந்தவர். பத்தாவது முடித்த கையோடு அவரிடம் தொழில் பழகினேன். கல்யாணத்துக்குப் பிறகு வீட்டு முன்னறையே கடையாகிவிட்டது. முகூர்த்த மாதங்களில் ஒரு நாளைக்குப் பதினைந்து பேருக்காவது அளவு எடுப்பேன். 28 அங்குல மார்புச் சுற்றளவும் பார்த்திருக்கிறேன், 54ம் பார்த்திருக்கிறேன். ஒருத்திக்கு வலது கை பருமன், இடது கை ஒல்லி. இன்னொருத்திக்கு ஒரு தோள் மட்டும் இறக்கம். பிள்ளை பெற்ற உடம்பு, ஆபரேஷன் ஆன உடம்பு, மாத்திரையால் ஊதிய உடம்பு, கவலையில் வற்றிப்போன உடம்பு எல்லாமே என் டேப்புக்குள் வந்து போயிருக்கின்றன.

அப்பா எனக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது கட்டிங் கிடையாது. அளவைச் சத்தமாகச் சொல்லக் கூடாது என்பதைத்தான் முதலில் சொன்னார். டேப்பில் பார்த்த எண் நேராக நோட்டுக்குப் போக வேண்டும். பக்கத்தில் நிற்கிற மாமியார் காதிலோ, அடுத்துக் காத்திருக்கிற பெண்ணின் காதிலோ அது விழக் கூடாது. கைக்குழி பிடிக்கிறது என்று ஒருத்தி ஜாக்கெட்டைத் திருப்பிக் கொண்டுவந்தால் உள்தையலைப் பிரித்து விட்டுக்கொடுப்போம். “கை குண்டா இருக்கும்மா, குறைச்சிட்டு வா” என்று எந்த டெய்லரும் சொல்லி நான் கேட்டதில்லை. உடம்புக்குத்தான் நாங்கள் துணியை வெட்டுகிறோம். இந்த வழக்கத்தை உங்கள் தொழிலுக்குள்ளும் கொண்டுவாருங்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

மூன்று வருடத்துக்கு முன்னால் எனக்குச் சர்க்கரை இருப்பது தெரிந்தது. டாக்டர் மாத்திரை எழுதிக்கொடுத்து, “நாள் முழுக்க உட்கார்ந்தே இருக்கீங்க, உடம்பை அசைங்க” என்றார். சரி என்று ஒரு ஜிம்மில் மூன்று மாதத்துக்குச் சேர்த்துப் பணம் கட்டினேன். எந்த ஜிம் என்பது வேண்டாம். அங்கே இருந்த பிள்ளைகள் கெட்டவர்கள் இல்லை. அவர்களுக்கு யாரோ அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

எடை பார்க்கும் மெஷின் வாசலிலேயே இருந்தது. கதவு திறந்து கிடந்தது, தெருவில் போகிறவர்களுக்கும் உள்ளே தெரியும். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினேன். மாஸ்டர் தம்பி எண்ணைப் பார்த்து, மேசையில் ரிஜிஸ்டர் எழுதிக்கொண்டிருந்தவரிடம் “தொண்ணூத்தி நாலு” என்று கத்தினார். காத்திருந்த நாலைந்து பையன்கள் திரும்பிப் பார்த்தார்கள். “மனசு வச்சா அறுபதுக்குக் கொண்டு வந்துரலாம்க்கா” என்றார். அப்புறம் என்னைச் சுவர் ஓரமாக நிறுத்தி, நேராக ஒரு போட்டோ, பக்கவாட்டில் ஒரு போட்டோ. எதற்கு என்று கேட்டேன். “மூணு மாசம் கழிச்சுப் பக்கத்துல வச்சுப் பாத்தா உங்களுக்கே தெரியும்” என்றார். அதற்குள்ளாகவே என்னை டிரெட்மில்லில் ஏற்றி அரை மணி நேரம் வேகமாக நடக்க விட்டார்கள். முழங்கால் எப்படி இருக்கிறது என்றோ, கடைசியாக எப்போது நடந்தேன் என்றோ, என்ன மாத்திரை சாப்பிடுகிறேன் என்றோ யாரும் கேட்கவில்லை. நாலாவது நாள் முழங்கால் வீங்கிவிட்டது. ஒரு வாரம் போகவில்லை. போனில் கூப்பிட்டு, “சோம்பேறித்தனம் படாதீங்கக்கா” என்றார்கள்.

நான் காலை ஐந்து மணிக்கு எழுந்து, ராத்திரி பதினொன்று வரை மெஷினில் இருக்கிறவள். அந்தச் சொல் எனக்கு வலித்தது. கட்டிய பணம் போனதைக்கூட நான் பெரிதாக நினைக்கவில்லை. அதற்குப் பிறகு எட்டு மாதம் நான் எந்தப் பயிற்சியும் செய்யவில்லை என்பதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது. பயிற்சி என்பது வேறு யாருடைய உடம்புக்கோ உள்ள சமாச்சாரம், நம் உடம்பு முதலில் சரியாகிவிட்டு அப்புறம் அங்கே போக வேண்டும் என்று முடிவு கட்டிவிட்டேன்.

கடையில் இதை வாய்விட்டுச் சொல்ல ஆரம்பித்த பிறகுதான், வருகிறவர்களில் எத்தனை பேருக்கு இதே கதை இருக்கிறது என்று தெரிந்தது. பிளஸ் டூ படிக்கிற ஒரு பெண், யோகா வகுப்பில் எல்லார் முன்னாலும் வயிற்றைக் காட்டி ஏதோ சொன்னார்கள் என்று வகுப்பையே விட்டுவிட்டாள். பிரசவம் ஆகி ஆறு மாதமான ஒருத்தியிடம் “இந்த வயிறு எப்போ கரையும்னு பாப்போம்” என்றிருக்கிறார்கள். பருமனாக இருக்கிறவர்களுக்கு மட்டும் இது நடக்கிறது என்றும் சொல்ல முடியாது. 40 கிலோகூட இல்லாத ஒரு பெண், தெம்பு வேண்டும் என்று போனவள், “காத்துல பறந்துருவ, நீ எதுக்கு வர்ற” என்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்தாள். ஆண்களும் உண்டு. சட்டை அளவு சொல்லக் கூச்சப்பட்டு மனைவியிடம் சொல்லியனுப்புகிறவர்களை எனக்குத் தெரியும்.

மதுரையைச் சுற்றியுள்ள கிராமங்களில் முளைப்பாரி பார்த்திருப்பீர்கள். என் அம்மாவுக்குத் திருமங்கலத்துக்குப் பக்கத்தில் ஊர். காப்புக் கட்டிய பிறகு ராத்திரி ராத்திரி பெண்கள் கூடிக் கும்மி அடிப்பார்கள். என் பெரியம்மா நல்ல பருமன். வட்டத்துக்குள் அவர்தான் முதல் பாட்டு எடுப்பார். குனிந்து, நிமிர்ந்து, சுற்றிக் கை தட்டினால் அடுத்த தெருவுக்குக் கேட்கும். ஒருத்தி பாட, மற்றவர்கள் திருப்பிப் பாட, அந்த இடைவெளியில் மூச்சு வாங்கிக்கொள்ளலாம். முடியாதவர் வட்டத்தை விட்டு விலகித் திண்ணையில் உட்கார்ந்து தட்டுவார், அப்புறம் மறுபடி வந்து சேர்ந்துகொள்வார். ஒல்லியானவர்களுக்கு ஒரு வட்டம், பருத்தவர்களுக்கு ஒரு வட்டம் என்று எந்த ஊரிலும் போட்டதில்லை. எடை பார்த்துவிட்டு வட்டத்துக்குள் விட்டதும் இல்லை. ஒரு மணி நேரம் கும்மி அடித்துப் பாருங்கள், நீங்கள் கார்டியோ என்று சொல்வது அதுதான். நம் ஊருக்கு இது புதிய யோசனை இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

என் மகள் பிசியோதெரபி படிக்கிறாள். என் கதையைக் கேட்டுவிட்டு, நீங்கள் எல்லாரும் பெரிதாக நினைக்கிற அந்தப் பி.எம்.ஐ. கணக்கு, அதாவது எடையை உயரத்தோடு சேர்த்துப் பார்க்கிற கணக்கு, எங்கிருந்து வந்தது என்று சொன்னாள். 1830களில் பெல்ஜியம் நாட்டில் கெட்லே என்ற ஒரு வானியல், புள்ளியியல் அறிஞர் சராசரி மனிதன் எப்படி இருப்பான் என்று பார்ப்பதற்காகக் கண்டுபிடித்த கணக்கு அது. ஒரு தனி ஆளின் ஆரோக்கியத்தைச் சொல்வதற்காக அவர் அதைப் போடவில்லை. 1972ல்தான் ஆன்செல் கீஸ் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் அதற்கு இந்தப் பெயரை வைத்தார். கூட்டமாகப் பார்க்கும்போது அது உதவுகிறது. டாக்டர்கள் இன்றும் பார்க்கிறார்கள், பார்க்கட்டும். ஆனால் அதை மட்டும் வைத்து ஓர் ஆளை எடைபோட முடியாது என்பதற்கு நம் நாட்டிலேயே ஓர் அழகான உதாரணம் இருக்கிறது. புனேயைச் சேர்ந்த டாக்டர் யாஜ்னிக்கும், இங்கிலாந்தைச் சேர்ந்த டாக்டர் யுட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நின்று எடுத்த போட்டோவை 2004ல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. ஒன்றேதான், 22.3. ஆனால் யுட்கின் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக் உடம்பில் 21.2 சதவீதம். வெளியே பார்க்க ஒல்லியாக இருக்கிற நம் ஆட்களுக்கு உள்ளே எவ்வளவு கொழுப்பு இருக்கலாம் என்று இதிலிருந்து தெரிகிறது. “நீ ஒல்லி, உனக்கு எதுக்கு” என்று ஒருவரைத் திருப்பி அனுப்புவதும், “நீ குண்டு, முதல்ல குறை” என்று இன்னொருவரை மிரட்டுவதும் ஒரே தவறுதான்.

அவள் சொன்னதில் என் மனதில் ஒட்டிக்கொண்டது லண்டன் பஸ் கதை. ஜெர்ரி மாரிஸ் என்ற டாக்டர் 1953ல் வெளியிட்ட ஆராய்ச்சி. அங்கே மாடி பஸ்கள். டிரைவர் உட்கார்ந்தே ஓட்டுவார், கண்டக்டர் நாள் முழுக்க மேலும் கீழும் ஏறி இறங்கி டிக்கெட் போடுவார். ஒரு நாளைக்கு 500லிருந்து 750 படி. டிரைவர்களைவிடக் கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவாக வந்தது. டிரைவர்கள் பருமனாக இருந்ததால்தான் அப்படியோ என்று சந்தேகம் வந்தது. அதைத் தீர்க்க அவர்கள் எதைத் தேடிப் போனார்கள் தெரியுமா? யூனிஃபார்ம் பேன்ட்டின் இடுப்பளவு எழுதி வைத்திருந்த பதிவேட்டை. என் தொழில்காரர்கள் எழுதிய நோட்டு! டிரைவர்களின் இடுப்பளவு பெரிதாகத்தான் இருந்தது. ஆனால் பிறகு பிரித்துப் பார்த்தபோது, ஒல்லியோ நடுத்தரமோ பருமனோ, எந்த உடல்வாகாக இருந்தாலும் கண்டக்டருக்கே ஆபத்து குறைவு என்று தெரிந்தது. படி ஏறுகிற பருத்த கண்டக்டருக்கும் அந்தப் பலன் கிடைத்தது. அந்த ஆராய்ச்சி வெளிவந்து எழுபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. உங்கள் வாசலுக்கு இன்னும் வந்து சேரவில்லையே என்றுதான் எனக்கு வருத்தம்.

காரணம் எளிது. தசை வேலை செய்யும்போது ரத்தத்தில் உள்ள சர்க்கரையைத் தானே இழுத்துக்கொள்கிறது. அப்போது இன்சுலின் குறைவாக இருந்தாலும் அது நடக்கிறது. ஒரு தடவை நன்றாக நடந்தால் அதன் பலன் ஒரு நாள், சில சமயம் இரண்டு நாள்கூட நிற்கிறது. அதற்கு முள் 94லிருந்து 93க்கு வர வேண்டும் என்ற அவசியம் இல்லை. ரத்த அழுத்தம், தூக்கம், மூட்டு வலி, மனச்சோர்வு எல்லாவற்றிலும் எடை குறையும் முன்பே நல்லது நடக்க ஆரம்பிக்கிறது. பயிற்சியால் மட்டும் குறைகிற எடையோ, நீங்கள் நோட்டீஸில் போடுகிற அளவுக்கு வருவதில்லை. அது உங்களுக்கே தெரியும். கிலோ கணக்கை மட்டும் காட்டி ஆள் சேர்த்தால், கிலோ குறையாத மாதத்தில் அவர் விட்டுவிட்டுப் போகத்தான் செய்வார். அவருக்குக் கிடைத்துக்கொண்டிருந்த நல்லதும் அதோடு நின்றுபோகிறது.

எடைக்கும் நோய்க்கும் சம்பந்தமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. வயிற்றைச் சுற்றிச் சேரும் கொழுப்பு சர்க்கரை நோயோடு சேர்ந்து வருவது உண்மை. நம் நாட்டு ஆட்களுக்குக் குறைந்த பி.எம்.ஐ.யிலேயே அந்த ஆபத்து வருகிறது என்பதால்தான் இந்தியாவில் 23க்கு மேலேயே எச்சரிக்கிறார்கள். குறைக்க விரும்புகிறவர் டாக்டரோடு பேசிக் குறைக்கட்டும், அதற்கு நீங்களும் உதவுங்கள். ஆனால் அவமானம் அதற்கு மருந்தாகாது. உடல் பருமனைக் காரணம் காட்டி இழிவாக நடத்தப்படுகிறவர்கள் பயிற்சியையும் ஆஸ்பத்திரியையும் தவிர்க்கத் தொடங்குகிறார்கள் என்று 2020ல் பல நாட்டு மருத்துவ வல்லுநர்கள் சேர்ந்து அறிக்கையே வெளியிட்டார்கள். நான் எட்டு மாதம் வீட்டில் உட்கார்ந்திருந்தது அப்படித்தான்.

மகள் என்னை எப்படி ஆரம்பிக்க வைத்தாள் என்று சொல்கிறேன். மாஸ்டர்கள் கவனித்துப் படிக்க வேண்டும் என்று நான் நினைக்கிற பகுதி இது.

கடையில் கை வைக்காத ஒரு மர நாற்காலி. கையை ஊன்றாமல் எழுந்து உட்கார வேண்டும், அவ்வளவுதான். எனக்கு முதல் நாள் நாலு தடவை வந்தது. “நாலா, சரி, நாலுதான் இன்னைக்கு” என்று நோட்டில் எழுதினாள். அளவு நோட்டின் கடைசிப் பக்கம். அப்புறம் கட்டிங் மேசை விளிம்பில் இரண்டு கையையும் ஊன்றி, உடம்பைச் சாய்த்துத் தள்ளி நிமிர்வது. தரையில் செய்ய வேண்டியதை என் இடுப்பு உயரத்தில் செய்தேன், நெஞ்சுக்கும் கைக்கும் அதே வேலைதான். அயர்ன் பண்ணும்போது குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குவது. ஐந்து கிலோ அரிசிப் பையைக் கீழே இருந்து எடுத்து மேசையில் வைப்பது. வாரத்தில் இரண்டு மூன்று நாள் இது. தொடைத் தசை பலப்பட பலப்பட முழங்கால் வலி குறைந்தது. டிரெட்மில்லில் வீங்கிய அதே முழங்கால்.

நடப்பதற்குத் தெப்பக்குளம். முதல் வாரம் ஒரு பக்கம் மட்டும், ஏறக்குறைய 300 மீட்டர். அதோடு சுவரில் உட்கார்ந்துவிடுவேன். உட்கார்வதையும் நோட்டில் எழுதினாள், குற்றமாக எழுதவில்லை, அதுவும் பயிற்சியின் பகுதி என்று எழுதினாள். முழுச் சுற்று ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே வரும். நாலு மாதத்தில் ஒரு சுற்று வந்தது. வேகத்துக்கு அவள் சொன்ன அளவு இது: பக்கத்தில் வருபவரோடு பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. எந்த மெஷினும் இல்லாமல் எந்த உடம்புக்கும் பொருந்துகிற அளவு. உலக சுகாதார நிறுவனம் 2020ல் சொன்ன வழிகாட்டலில் பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150லிருந்து 300 நிமிடம் மிதமான பயிற்சி, இரண்டு நாளாவது தசைக்கு வேலை என்று இருக்கிறது. முன்பெல்லாம் ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்றார்கள். இப்போது அந்த நிபந்தனையும் இல்லை. மூன்று நிமிடம் நடந்தாலும் கூட்டிக்கொள்ளலாம். இதை எனக்கு முதல் நாளே ஒருவர் சொல்லியிருந்தால் எட்டு மாதம் வீணாகியிருக்காது.

இப்போது நாற்காலியில் இருபது தடவைக்கு மேல் எழுகிறேன். தெப்பக்குளத்தை மூன்று சுற்று வருகிறேன். போன தை மாதம் கீழக்குயில்குடி போய், சமணர் மலைப் படிகளில் ஏறிப் பேச்சிப்பள்ளம் வரைக்கும் போனேன். பாறையில் செதுக்கிய தீர்த்தங்கரர் சிற்பங்களை நாற்பத்தேழு வருடமாக இந்த ஊரில் இருந்தும் நான் பார்த்ததில்லை. கீழே தாமரைக் குளம் சின்னதாகத் தெரிந்தது. மகள் என்னைப் போட்டோ எடுத்தாள், நான் சிரித்துக்கொண்டு நின்றேன். மூன்று மாத சர்க்கரைச் சராசரி (HbA1c பரிசோதனை) 8.1லிருந்து 6.8க்கு வந்திருக்கிறது. மாத்திரை அதேதான், நிறுத்தவில்லை. எடை 91. உங்கள் கணக்கில் இது தோற்றுப்போன கேஸ். என் டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டுக் கை கொடுத்தார்.

நான் கேட்பதெல்லாம் பெரிய செலவு பிடிக்கிற காரியங்கள் இல்லை. எடை மெஷினை வாசலிலிருந்து எடுத்து உள்ளே ஒரு திரைக்குப் பின்னால் வையுங்கள். எடை பார்க்கவா என்று கேளுங்கள், வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். ரிஜிஸ்டரில் எழுத வேறு எவ்வளவோ இருக்கிறது. முப்பது விநாடியில் எத்தனை தடவை நாற்காலியிலிருந்து எழுகிறார், எத்தனை மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது, எத்தனை கிலோ தூக்குகிறார், ராத்திரி எப்படித் தூங்குகிறார். இவை மாதாமாதம் முன்னேறும். முன்னேறுவதைப் பார்க்கிறவர் விட்டுவிட்டுப் போக மாட்டார்.

போட்டோ எடுக்காதீர்கள். அவராகக் கேட்டால் எடுங்கள். அவர் எழுதிக் கொடுக்காமல் சுவரிலோ இன்ஸ்டாகிராமிலோ போடாதீர்கள். அந்த முதல் போட்டோவில் யாராவது சிரித்துப் பார்த்திருக்கிறீர்களா?

ஒரு பயிற்சியைச் சொல்லிக்கொடுக்கும்போதே இரண்டு மூன்று விதமாகச் செய்து காட்டுங்கள், எல்லாருக்கும் சேர்த்து. தரையில், மேசையில், சுவரில். “உங்களால முடியாது, நீங்க இதைப் பண்ணுங்க” என்று ஒருத்தியை மட்டும் தனியாகப் பிரிக்காதீர்கள். யோகாவில் குனியும்போது கால்களை அகட்டி வயிற்றுக்கு இடம் விடச் சொன்னால் போதும், குனிய வந்துவிடும். பாதம் எட்டாதவருக்கு ஒரு துண்டு கொடுத்தால் அதைப் போட்டுப் பிடித்துக்கொள்வார். ஐயங்கார் முறை யோகாவில் நாற்காலி, பெல்ட், மரக்கட்டை எல்லாம் வைத்துக்கொண்டுதான் சொல்லித்தருகிறார்கள், யாரும் அதைக் குறைவாக நினைப்பதில்லை. மெஷின்களில் அதிகபட்சம் எத்தனை கிலோ தாங்கும் என்று எழுதியிருக்கும். வாங்கும்போதே அதைப் பார்த்து வாங்குங்கள். கை வைக்காத உறுதியான நாற்காலி இரண்டு, அகலமான பெஞ்ச் ஒன்று.

ரத்த அழுத்தம் பார்க்கிற கருவி வைத்திருப்பவர்களுக்கு ஒரு விஷயம். பெரிய கைக்குச் சின்னப் பட்டையைச் சுற்றினால் அழுத்தம் உள்ளதைவிட அதிகமாகக் காட்டும். பெரிய பட்டை தனியாகக் கிடைக்கிறது. கைச்சுற்று அளந்து அளந்து பழகிய எனக்கு இது உடனே புரிந்தது. ஒரே அளவு ஜாக்கெட்டை ஊருக்கே மாட்டிப் பார்ப்பது போலத்தான்.

சாப்பாட்டை நிறுத்தச் சொல்லாதீர்கள். சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர் வெறும் வயிற்றில் கடுமையாகப் பயிற்சி செய்தால் சர்க்கரை இறங்கி மயங்கிவிட வாய்ப்பு உண்டு. நெஞ்சு வலி, தாடைக்கோ கைக்கோ பரவுகிற வலி, தலைசுற்றல் என்றால் அங்கேயே நிறுத்தி ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். “கொழுப்பு கரையுது, தாங்குங்க” என்று சொல்லிவிடாதீர்கள். பவுடர் டப்பா விற்பதைப் பற்றி நான் எதுவும் எழுதப்போவதில்லை. உங்கள் மனசாட்சிக்கு விட்டுவிடுகிறேன்.

அரசாங்கம் 2023 நவம்பரில் மாவட்டத்துக்கு ஒரு நடைபாதை என்று எட்டு கிலோமீட்டர் நீளத்துக்கு ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்தைத் தொடங்கியது. நல்ல காரியம். ஆனால் எட்டு என்ற எண்ணைப் பார்த்ததும் என்னைப் போன்றவர்களுக்கு மலைப்பாக இருக்கிறது. இன்றைக்கு எட்டு நிமிடம் நடந்தால் போதும் என்று பக்கத்தில் நின்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் நீங்கள்தான். இந்தியாவில் பெரியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் போதிய அளவு உடம்பை அசைப்பதில்லை, பெண்களில் 57 சதவீதம் என்று 2022ம் ஆண்டுக் கணக்கு சொல்கிறது. அந்த 57க்குள்தான் என் வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள். வருவதற்கு அவர்களுக்கு ஆசை இருக்கிறது, உங்கள் வாசலைத் தாண்டத்தான் தயக்கம்.

அவர்களுக்கு இன்னொரு தடை உண்டு, அதை உங்களிடம் யாரும் சொல்ல மாட்டார்கள். நடந்தால் தொடை உரசிப் புண்ணாகிறது. வேர்வையில் எரிகிறது, படை வருகிறது. கடைகளில் கிடைக்கிற டிராக் பேன்ட் பெரிய அளவில் கிடைப்பதே அரிது, கிடைத்தாலும் உட்கார்ந்தால் நடுவில் கிழிகிறது. தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு, சுடிதாருக்குள் முட்டி வரைக்கும் ஒன்று போட்டுக்கொண்டுதான் நானும் நடந்தேன். இந்தத் தடையை நான் பார்த்துக்கொள்கிறேன், இது என் தொழில். தொடைச் சந்தில் ஒரு துண்டு கூட்டி, குனிந்தால் இழுக்காத மாதிரி பருத்தித் துணியில் பேன்ட் தைக்கிறேன். இடுப்பில் எலாஸ்டிக், உள்ளே இரண்டு அங்குலம் தையல் விட்டு. அளவு கூடினாலும் குறைந்தாலும் போட்டுக்கொள்ளலாம்.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். காலை பத்தரைக்கு மேல் மாலை நாலு மணி வரைக்கும் உங்கள் ஜிம்களில் பெரும்பாலும் ஆள் இருப்பதில்லை. அதில் ஒரு மணி நேரத்தைப் பெண்களுக்கு என்று ஒதுக்குங்கள். கதவைச் சாத்திக்கொள்ளலாம். சொல்லிக்கொடுக்க ஒரு பெண் மாஸ்டர் இருந்தால் நல்லது. கட்டணம் இனாமாக வேண்டாம், ஆள் கணக்குக்குக் கொடுக்கிறோம். எடை மெஷின் அந்த நேரத்தில் மூடியிருக்கட்டும்.

இதுவரை பதினோரு பேன்ட் தைத்து முடித்து, பெயர் எழுதி ஹேங்கரில் தொங்கவிட்டிருக்கிறேன். மிகச் சிறியது 26 இடுப்பு, மிகப் பெரியது 50. அவரவர் வந்து போட்டுப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு என் கடையிலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். எந்த ஜிம்முக்குப் போகலாம் என்று சொன்னதும் வந்து வாங்கிக்கொள்கிறார்களாம்.

அன்புடன்,
அனுப்பானடியிலிருந்து ஒரு தையல்காரி